நான்கு டிகிரியில் நின்றுபோன எண்

வக்கீல் சாருக்கு, உன் அம்மா எழுதுகிறேன்.

போனில் கூப்பிட்டால் இப்போதெல்லாம் நீ "சரிம்மா" என்று சொல்லி வைத்துவிடுகிறாய். சாப்பிட்டாயா என்றால் சரிம்மா. பத்திரிகை அடித்தாயிற்று என்றால் சரிம்மா. மண்டபத்தில் ஜெனரேட்டர் சொந்தமாக இருக்கிறதாம் என்றால் அதற்கும் ஒரு சரிம்மா. இன்னும் கொஞ்ச நாளில் சென்னையில் கப்பலேறி வந்து மாப்பிள்ளையாக உட்காரப்போகிறவன், பெற்றவளிடம் ஒற்றை வார்த்தையில் குடும்பம் நடத்துகிறாய். உன் கோபம் எதற்கென்று எனக்குத் தெரியும். அக்கரையில் பாம்பூஃப்ளாட் மருந்துக் கிடங்கு விஷயத்தில் நான் எழுதிய ரிப்போர்ட்தான். அந்தக் கதையை நீ துண்டு துண்டாகக் கேட்டிருக்கிறாய். நீ கட்டிக்கொள்ளப்போகிற ஷோபனா அழுதுகொண்டே சொன்னது ஒரு பங்கு. எதையும் நடுவிலிருந்தே ஆரம்பிக்கும் உன் அப்பா சொன்னது ஒரு பங்கு. மீதியை நீயே நிரப்பிக்கொண்டாய். இங்கே நம் டெலானிபூர் தெருவிலும் "மாமியார் இப்போதே ஆரம்பித்துவிட்டாள்" என்று பேச்சு ஓடுகிறது. தாலி ஏறுவதற்கு முன்னால் நீ முழுசாகத் தெரிந்துகொள். இதை எழுதலாமா என்று ஷோபனாவிடம் கேட்டேன். எழுதுங்கள் என்றாள்.

காதர் பாயின் மருந்துக் கிடங்கில் அவள்தான் பொறுப்பு பார்மசிஸ்ட் என்பது உனக்குத் தெரியும். அங்கே ஒரு குளிர் அறை இருக்கிறது. தீவு முழுக்கப் போகிற இன்சுலின் அதில்தான் இருக்கும். குளிர் போனால் மருந்து போயிற்று. பார்த்தால் தெரியாது, ஊசி போட்டுக்கொள்கிறவனுக்குச் சர்க்கரை ஏறும்போதுதான் தெரியும். அதனால் அறையின் குளிரை ஒரு கம்ப்யூட்டர் காவல் காக்கிறது. உள்ளே ஒரு சென்சார், வெளியே திரையில் ஒரு எண், எண் ஏறினால் அலறும் ஒரு மணி. அந்தக் காவல் புரோகிராம் ரொம்பப் பழையது. எழுதியவர் எப்போதோ மெயின்லேண்டுக்குப் போய்விட்டார். அது ஓடிய கம்ப்யூட்டரை உப்புக்காற்று தின்றுவிட்டது. ஊரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவள் என்று பாய் என்னைக் கூப்பிட்டார். நான் புது மெஷின் வைத்தேன். புது மெஷினின் சிஸ்டத்துக்கு அந்தப் பழைய புரோகிராமின் பாஷை தெரியாது. அதனால் இரண்டுக்கும் நடுவில் ஒரு மென்பொருள் அடுக்கை வைத்தேன். பழையது தன் பாஷையில் எதையாவது கேட்கும், நடுவில் இருப்பது அதை மொழிபெயர்த்துப் புது சிஸ்டத்திடம் கேட்டு, பதிலைத் திரும்ப மொழிபெயர்த்துக் கொடுக்கும். இந்தத் தீவில் பெங்காலிக்காரரும் தெலுங்குக்காரரும் நாமும் நடுவில் ஒரு இந்தியை வைத்துக்கொண்டு காலம் தள்ளுவதில்லையா, அப்படி. யார் யாரோ சேர்ந்து இலவசமாக எழுதிக் கொடுத்த அடுக்கு அது. நன்றாகத்தான் ஓடியது.

பிறகு ஒருநாள் ஷோபனா போன் செய்தாள். "அத்தை, நம்பர் அசையவே மாட்டேங்குது. நாலு டிகிரியிலயே நிக்குது. கதவத் திறந்து வெச்சாக்கூட நாலுதான்." ரீஸ்டார்ட் செய் என்றேன். செய்தாள், சரியாகிவிட்டது. நான் சாத்தம் படகுத்துறைக்கு இறங்கி போட் பிடித்து அக்கரை போய்ப் பார்த்தபோது எண் சமர்த்தாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. பல நாள் ஒன்றுமில்லை. பிறகு மறுபடி நின்றது, மறுபடி ரீஸ்டார்ட், மறுபடி நான் போகும்போது ஒழுங்கு. உன்னைச் சின்ன வயதில் ஜுரமென்று டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினால் வரிசையில் நிற்கும்போதே ஜுரம் இறங்கி நீ விளையாட ஆரம்பிப்பாய். டாக்டர் என்னைத்தான் ஒரு பார்வை பார்ப்பார். அந்த ஞாபகம்தான் வந்தது. எப்போதும் கெட்டுக் கிடக்கிற கோளாறு நல்ல கோளாறு. இப்படி வந்து வந்து போகிறது இருக்கிறதே, அது ஆளையே தின்றுவிடும்.

அந்தக் கெட்ட நாளில் கரண்ட் போய்த் திரும்பியது; கம்ப்யூட்டர் மட்டும் பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தது. குளிர் இயந்திரம் திரும்ப ஓடவில்லை. திரையில் நாலு. மணி அலறவில்லை. மாயாபந்தருக்குப் போகவேண்டிய பெட்டிகளை எடுக்க ஷோபனா உள்ளே போனவள், அட்டையில் கை வைத்ததுமே திடுக்கிட்டிருக்கிறாள். குளிரே இல்லை. வெளியே நின்ற வண்டியை அனுப்பாதீர்கள் என்று கத்திக்கொண்டு ஓடிவந்தாளாம். ஒரு பெட்டிகூட வெளியே போகவில்லை. அது அவள் செய்த காரியம். அதை யாரும் அன்றைக்குப் பேசவில்லை. பாய் பேசியது வேறு. "மேடம், உங்க சாமான் மேல எனக்கு ஷக் இல்ல, சந்தேகமே இல்ல. மணி அடிக்கடி கத்துதுன்னு இந்தப் பொண்ணு பந்த் பண்ணி வெச்சிருக்கும். மால் பூரா போச்சு. கம்பெனிக்காரன் ஃபிளைட்ல வர்றான். நான் என்ன ஜவாப் சொல்றது?" மருந்துக் கம்பெனியின் ஆய்வாளர் வந்து, அவள் அலாரத்தை நிறுத்தினாள் என்று எழுதிவிட்டால் வேலை போகும். புகார் மேலே போனால் பார்மசிஸ்ட் பதிவுக்கே ஆபத்து. படித்து வாங்கிய பெயர் அது. உன்னிடம் அன்று போனில் நான் கத்தியது இதனால்தான். பயந்துபோயிருந்தேன்.

அவள் அலாரத்தைத் தொடவில்லை என்று நான் நம்பினேன். நம்பிக்கையை ஆய்வாளரிடம் காட்ட முடியாது, கோளாறைத்தான் காட்ட முடியும். அவர் வருவதற்குள் அதைப் பிடித்தாக வேண்டும். தினம் முதல் போட்டில் போய்க் கிடங்கில் உட்கார்ந்தேன். கரண்டை நிறுத்திப் போட்டேன். சென்சார் ஒயரை ஆட்டினேன், பிடுங்கினேன், மாற்றினேன். இன்டர்நெட் ஒயரைப் பிடுங்கிச் செருகினேன். சென்சாரை வெந்நீர் டம்ளரில் வைத்தேன். மணி ஊரைக் கூட்டியது. நான் என்ன செய்தாலும் அது ஒழுங்காகவே ஓடியது. பெட்டி கட்டும் பெண்கள் என்னைப் பார்க்கும் பார்வையே மாறிவிட்டது. வருங்கால மருமகளைக் காப்பாற்ற இல்லாத கோளாறைத் தேடுகிறாள் என்று நினைத்திருப்பார்கள். எனக்கே அந்தச் சந்தேகம் ஒரு கணம் வந்தது, ஒளிக்கவில்லை. நிஜமாகவே இந்தப் பெண் மணியை அமர்த்தியிருப்பாளோ என்று. உடனே என்மேலேயே எனக்கு எரிச்சல் வந்தது. ஷோபனாவை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டேன். புரோகிராமில் எதையாவது தொட்டாயா? இல்லை அத்தை. அலாரத்தை? இல்லை அத்தை. குரல் கம்மிக்கொண்டே போயிற்று. நீ கோர்ட்டில் குறுக்கு விசாரணை செய்வாயே, அதே தொனியில் நான் கேட்டிருக்கிறேன். பதில்கள் எல்லாம் உண்மை. ஆனாலும் எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

கிடைத்தது போட் வந்து நிற்கும் ஜெட்டியில். ஒரு சாயங்காலம் திரை மூலையில் ஓடும் கடிகாரத்தைப் பார்த்து, ஐயோ போட் போய்விடுமே என்று பையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். போய் மூச்சு வாங்க நின்றால் போட் சாவகாசமாக வண்டிகளை ஏற்றிக்கொண்டிருக்கிறது. கையிலிருந்த போனைப் பார்த்தேன். திரையில் பார்த்ததற்கும் இதற்கும் கால் மணி நேரம் வித்தியாசம். அன்று மதியம் உன் அப்பா, பருப்புப் பாத்திரம் எங்கே என்று கேட்க போன் செய்தபோது இரண்டு கடிகாரமும் ஒன்றாக இருந்ததைப் பார்த்திருந்தேன். அப்படியானால் நடுவில் யாரோ திரையின் கடிகாரத்தை முன்னால் தள்ளியிருக்கிறார்கள். இன்டர்நெட் வரும்போதெல்லாம் சரியான நேரத்தைக் கேட்டுத் திருத்திக்கொள்ளும்படி அந்த மெஷினை வைத்தவள் நான். முன்னால் தள்ளிய கடிகாரம், இன்டர்நெட் போய்த் திரும்பினால் சட்டென்று பின்னால் வரும். நேரம் பின்னால் போகும். போட்டை விட்டுவிட்டுத் திரும்ப ஓடினேன்.

கடிகாரம் இன்னும் முன்னால்தான் நின்றது. இன்டர்நெட் ஒயரைப் பிடுங்கி, கொஞ்சம் பொறுத்துச் செருகினேன். முன்பு இதையே செய்தபோது கடிகாரம் சரியாக இருந்ததால் ஒன்றும் நடக்கவில்லை. இப்போது மூலையில் இருந்த நேரம் ஒரு இமைப்பில் பின்னால் தாவியது. திரையில் நாலு. சென்சாரை உள்ளங்கையில் பொத்திக்கொண்டேன். நாலு. ஊதினேன். நாலு. பாய் எட்டிப் பார்த்தார். விஷயம் இதுதான். அந்தப் பழைய புரோகிராம் ஒரு தரம் குளிரைப் பார்த்துவிட்டு, "ஒரு நிமிஷம் கழித்து எழுப்பு" என்று நடுவில் இருக்கும் அடுக்கிடம் சொல்லித் தூங்கும். அடுக்கு அந்த நிமிஷத்தை, மெஷினைப் போட்டதிலிருந்து ஓடும் எண்ணிக்கையை வைத்து அளந்திருக்க வேண்டும். அதை யாரும் பின்னால் தள்ள முடியாது. அதற்குப் பதிலாகச் சுவர்க்கடிகாரம் பார்ப்பது போல மூலையில் இருந்த நேரத்தைப் பார்த்து அளந்திருக்கிறது. நேரம் பின்னால் போனதும் கணக்குக் குழம்பி, "யாராவது கூப்பிடும்வரை தூங்கு" என்று சொல்லிவிடுகிறது. கூப்பிட யாருமில்லை. கடைசியாகப் பார்த்த நாலு அப்படியே நிற்கிறது. கரண்ட் போன அன்று மோடம் அணைந்து திரும்ப எரிந்ததும் இதுதான் நடந்திருக்கிறது.

பிடித்துவிட்டேன் என்ற சந்தோஷம் எவ்வளவு நேரம் இருந்தது என்கிறாய்? அந்தக் கடிகாரத்தை மாற்றுகிற பாஸ்வேர்டு என்னைத் தவிர ஒருத்தியிடம்தான் இருந்தது.

"ஷோபனா, மூலையில இருக்கிற கடிகாரத்த யாரும்மா மாத்துறது?"

"நான்தான் அத்தை," என்றாள், கொஞ்சமும் யோசிக்காமல். "அது அப்பப்ப ஸ்லோ ஆயிடுது. நான் சரி பண்ணி வெச்சிடுவேன்."

"சரி பண்றதுன்னா?"

"கால் மணி நேரம் முன்னால. இங்க எல்லாக் கடிகாரமும் அப்படித்தானே."

"இத்தன நாள் ஏம்மா சொல்லல?"

"நீங்க கேக்கவே இல்லியே அத்தை. புரோகிராமத் தொட்டியா, அலாரத்தத் தொட்டியான்னு கேட்டீங்க. நான் தொடவே இல்ல."

நம் வீட்டு ஹாலில் இருக்கும் கடிகாரமும் கால் மணி நேரம் முன்னால்தான் ஓடுகிறது. நீ பள்ளிக்கூடம் போனது, உன் அப்பா ஆபீஸ் போனது எல்லாம் அதை வைத்துத்தான். அக்கரைக்குப் போய் வந்து பிழைக்கிற இந்த ஊரில் அது ஒரு பழக்கம். பழக்கம் என்பதால் அதை யாரும் ஒரு மாற்றம் என்று நினைப்பதில்லை. பேச்சு கேட்டு அங்கே வந்த பெட்டி கட்டும் பெண் ஒருத்தி, எதற்கு இந்த விசாரணை என்று புரியாமல், "டைம் ஆகே நஹீன் ரக்கேங்கே தோ போட் சூட் ஜாயேகா, தீதி" என்றாள். முன்னால் வைக்காவிட்டால் போட் போய்விடுமே அக்கா என்கிறாள். அப்போதுதான் ஷோபனாவின் முகம் மாறியது. புத்திசாலிப் பெண். நான் ஏன் கேட்கிறேன் என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது.

அன்று உன்னைக் கூப்பிட்டேன். "ம்மா, கடிகார சமாச்சாரத்த எழுதாத. நடுவுல இருக்கிற அடுக்குல கோளாறுன்னு மட்டும் எழுது. அது உண்மைதானே? கேட்காத கேள்விக்கு எதுக்கு பதில் சொல்ற?" என்றாய். உண்மைதான். நீ பொய் எழுதச் சொல்லவில்லை. உன் ஷோபனாவைக் காப்பாற்றச் சொன்னாய். ஆனால் கண்ணா, எப்போது நிற்கிறது என்று சொல்லாமல் நிற்கிறது என்று மட்டும் எழுதினால் அது ரிப்போர்ட் இல்லை, ஒப்பாரி. அந்த அடுக்கை எழுதியவர்கள் தங்கள் மெஷினில் ஓட்டிப் பார்ப்பார்கள், நன்றாக ஓடுகிறதே என்று மூடிவிடுவார்கள். இன்னொரு ஊரில் இன்னொரு குளிர் அறை நாலு என்று காட்டிக்கொண்டே வெந்துபோகும். ஆய்வாளரும் கேட்பார்: உலகமெல்லாம் ஓடுகிற மென்பொருள் உங்கள் கிடங்கில் மட்டும் ஏன் நின்றது? அப்போது நான் திருதிருவென்று விழித்தால், அலாரத்தை அவள் அமர்த்தினாள் என்ற பாயின் பேச்சுத்தான் நிற்கும். இத்தனையும் யோசித்தேன். யோசித்தும் எழுதக் கை வரவில்லை. என் மருமகளின் பெயரை என் கையால் எழுதுவதா என்று இருந்தது.

மறுநாள் அவளிடமே போய், உன் பையன் இப்படிச் சொல்கிறான், நான் இப்படி நினைக்கிறேன், நீ என்ன சொல்கிறாய் என்றேன். "உன் பையன்" என்று அவளிடம் சொன்னேன் பார், அவ்வளவு குழப்பம். அவள் கொஞ்ச நேரம் பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டே இருந்தாள். பிறகு நிமிராமல் சொன்னாள்.

"எழுதுங்க அத்தை. மாத்தினது என் கைதான். ஆனா ஏன் மாத்தினேன்னும் எழுதுங்க. வெறுமனே மாத்தினாள்னு எழுதாதீங்க."

எழுதினேன். கிடங்குப் பெண்களில் பாதிப்பேர் அக்கரையிலிருந்து வருகிறவர்கள், திரையைப் பார்த்துத்தான் கிளம்புவார்கள், ஒருத்தி ஒருமுறை போட்டை விட்டுவிட்டுக் கைக்குழந்தையை நினைத்து ஜெட்டியில் அழுததைப் பார்த்த பிறகுதான் இவள் அந்தக் கடிகாரத்தை முன்னால் தள்ள ஆரம்பித்தாள் என்று எல்லாவற்றையும் எழுதினேன்.

ஆய்வாளர் வந்தார். என் ரிப்போர்ட்டைப் படித்துவிட்டு, செய்து காட்டுங்கள் என்றார். நான் செய்யப் போனேன். ஷோபனா, "வழக்கமா செய்யறது நான்தானே" என்று என்னைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தாள். கடிகாரத்தை முன்னால் வைத்தாள். ஒயரைப் பிடுங்கி மறுபடி செருகினாள். ஒன்றும் நடக்கவில்லை. எண் நாலிலிருந்து நாலரைக்குப் போய் வந்தது. பார்த்தால் மோடத்தில் விளக்கே இல்லை. அந்த நேரம் பார்த்து ஊரிலேயே இன்டர்நெட் போயிருக்கிறது. நம் தீவின் இன்டர்நெட்டைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. காத்திருந்தோம். ஆய்வாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பாய் தொண்டையைச் செருமினார். பெண்கள் வேலையை நிறுத்திவிட்டு வாசலில் நின்றார்கள். ஆய்வாளர் தன் பையின் ஜிப்பை இழுத்து மூடும் சத்தம் கேட்டது. செய்யாத குற்றத்தை மறுக்க ஆதாரம் இல்லை, செய்ததற்கு ஒப்புதல் மட்டும் எழுத்தில் இருக்கிறது; அதையும் கொடுத்தவள் நான். நீ சொன்னது சரிதான் என்று அந்த இடத்தில் நினைத்தேன். உன் முகம் கண்முன் வந்தது.

மோடத்தில் விளக்கு வந்தது. மூலையில் நேரம் பின்னால் தாவியது. ஷோபனா எழுந்து குளிர் அறைக்குள் போய்ச் சென்சாரைத் தன் இரண்டு கைகளுக்குள் பொத்திக்கொண்டு நின்றாள். திரையில் நாலு. அப்படியே நாலு. மணி வாயைத் திறக்கவில்லை. ஆய்வாளர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கடிகாரத்தை முன்னால் வைக்கிற வழக்கம் யாருக்கெல்லாம் உண்டு என்று கேட்டார். பாய் தன் கையிலிருந்த வாட்சைச் சட்டைக் கைக்குள் இழுத்து மறைத்ததை நான் பார்த்தேன். பிறகு அவருக்கே வெட்கமாகிவிட்டது போலிருக்கிறது. கையை நீட்டிக் காட்டினார். "எனக்கும்தான் சார். கால் மணி நேரம்."

முடிவு உனக்குத் தெரியும். கோளாறு அடுக்கில்தான், அலாரத்தை யாரும் தொடவில்லை என்று ஆய்வாளர் எழுதினார். அவள் வேலையும் பதிவும் தப்பின. சொல்லாமல் கடிகாரத்தை மாற்றியதற்காக அவளுக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதமும் வந்தது. அது அவள் கோப்பில் இருக்கும். நான் எழுதாமல் இருந்தால் அது வந்திருக்காது என்றாய். ஆமாம், வந்திருக்காது. அது என்னால்தான் வந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உறுத்துகிறது. ஆனாலும் திரும்ப எழுதச் சொன்னால் அதையேதான் எழுதுவேன். அந்த அடுக்கை எழுதுகிறவர்களுக்கும் அனுப்பினேன். முதல் படி: கடிகாரத்தைக் கால் மணி நேரம் முன்னால் வைக்கவும், இங்கே போட்டைத் தவறவிடாமல் இருக்க மக்கள் செய்வதுபோல. யாரோ முகம் தெரியாத ஒருவர் செய்து பார்த்து, ஆமாம் நிற்கிறது என்று பதில் போட்டுத் திருத்தியும் விட்டார். அவ்வளவு நாள் பேயாக அலைந்தது, சொல்லவேண்டியதை எல்லாம் சொன்னதும் சாதாரண வேலையாகிவிட்டது.

கல்யாணத்துக்கு அம்மா ஏதாவது புத்தி சொல்ல வேண்டுமாம், உன் அப்பா சொல்கிறார். எனக்குத் தெரிந்தது இதுதான். உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் என்றைக்காவது ஏதாவது நின்றுபோகும். உடனே ரீஸ்டார்ட் செய்யாதே. பூ வாங்கிக் கொடுத்து, சினிமாவுக்குக் கூட்டிப்போய், எல்லாம் ஓடுகிறதே என்று விட்டுவிடாதே. ரீஸ்டார்ட் செய்தால் எது நிறுத்தியது என்ற தடயமும் போய்விடும். இன்னொரு நாள் இன்னும் கெட்ட நேரத்தில் நிற்கும். கேள். நீ நினைத்த பதிலை வாங்குவதற்காகக் கேட்காதே, நான் கேட்டேனே அப்படி. அவள் எதை மாற்றம் என்றே நினைக்கவில்லையோ அதைச் சொல்ல அவளுக்கு இடம் விட்டுக் கேள். செய்தேன் என்று அவள் சொன்னால் ஏன் என்பதையும் சேர்த்துக் கேள். அவளுக்கு அது முக்கியம்.

நான் எதைக் கேட்காமல் விட்டேன் என்று உன்னிடமும் கேட்கவேண்டியது இருக்கிறது. நீ, ஷோபனா, நான் மூன்று பேரும் ஒன்றாக இருக்கும்போது கேட்கிறேன். நம் ஹால் கடிகாரத்தைச் சரியான நேரத்துக்கு வைத்துவிட்டேன். உன் அப்பா அதைப் பார்த்துக் கிளம்பி அன்றைக்கே போட்டை விட்டார். மூன்று நாளாக என்னைத் திட்டுகிறார். கப்பல் வரும் அன்று ஷோபனாவும் நானும் நேரத்துக்கு முன்னாலேயே ஜெட்டிக்கு வந்து நிற்போம், பழக்கம் எங்கே போகும். கோபத்தோடு இறங்கினாலும் இறங்கு. கத்த வேண்டும் என்றால் அங்கேயே கத்து, கூலிக்காரர்கள் பார்த்தால் பார்க்கட்டும். பையைக் கீழே வைத்துவிட்டு என்னவேண்டுமானாலும் சொல். சரிம்மா என்று மட்டும் சொல்லாதே.